மஞ்சணத்திக்குளத்துக் கடல்

திருநெல்வேலியிலிருந்து தென்காசியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது கடல் முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. கடலுக்கான ஆபீஸ் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பங்கு வைத்தவர்கள் பீரோக்களை எண்ணினார்களே தவிர, உள்ளே என்ன கோப்பு இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை. இப்படித்தான் 'வட்டாரக் கடல் மற்றும் கரையோரச் சூழல் சிறுமானிய மையம்' சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில், ஓர் உரக்கடையின் மாடியில் குடியேறியது. படியேறும்போது யூரியா வாடை அடிக்கும். ஏறி முடித்ததும் சுவரில் ஒரு டால்பின் சிரிக்கும்.

கடலையும் கரையையும் காப்பாற்ற ஓர் ஊர் முன்வந்தால், செலவில் பாதியை ஊர் போட வேண்டும், மீதிப் பாதியை மையம் போடும். இதற்கு இணைமானியம் என்று பெயர். குறை சொல்ல முடியாத திட்டம். இந்த மாவட்டத்தில் கடல் இல்லை என்பதை மையம் முதல் வருஷமே மேலிடத்துக்கு எழுதிவிட்டது. 'கடல் இல்லாமை, நிதியைச் செலவிடாமைக்குக் காரணமாக ஏற்கப்பட மாட்டாது' என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டால்பினுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள்.

சங்கரேஸ்வரிக்கு இதெல்லாம் தெரியாது. கரிவலம்வந்தநல்லூருக்கு வடக்கே மஞ்சணத்திக்குளம் என்ற ஊரில் அவள் குளத்துப் பாசன சங்கத்தின் செயலாளர். குளம் உடைந்து கிடந்ததால் அந்தப் பதவிக்கு யாரும் போட்டியிடவில்லை. எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அடித்த பேய் மழையில் மடைக்குத் தெற்கே குளத்துக்கரை இருபது அடி அகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு மழை வருவதும், தண்ணீர் குளத்துக்குள் நுழைந்து உடைப்பு வழியே ஓடைக்குப் போவதும் அரைநாள் காரியமாகிவிட்டன. கிணறுகள் வற்றின. போர் தண்ணீர் உப்பாயிற்று. அதில் போட்ட டீ திரிந்தது. பதினோரு வீட்டுக்காரர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். சங்கரேஸ்வரியின் புருஷன் பொன்னுச்சாமி அறுபது செம்மறிகளையும் பத்திக்கொண்டு தாமிரபரணிப் பக்கம் கிடை போடப் போயிருந்தான். போகும்போது, இந்த ஐப்பசியிலும் குளம் பெருகவில்லையென்றால் ஆட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்கே போய்விடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். சாதாரணமாகச் சொன்னான்.

கரையை அடைக்கச் சொல்லி அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. கரை எங்களுடையது, தண்ணீர்தான் அவர்களுடையது என்றார்கள் ஓர் இடத்தில். இன்னோர் இடத்தில் இதையே திருப்பிச் சொன்னார்கள். உடைப்பு யாருடையது என்பது இரண்டு இடத்திலும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பியூன்தான் இரக்கப்பட்டு, உரக்கடை மாடியில் ஓர் ஆபீசில் பணத்தை வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார்.

ஆடித்தபசு முடிந்து இரண்டாம் நாள் அவள் அந்தப் படிகளில் ஏறினாள். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் எழுந்து நின்றார்கள். அந்த ஆபீசுக்குப் பொதுமக்களில் ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

திட்ட அலுவலர் பிரவின்ராஜ் புளியங்குடிக்காரர். எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவரின் மகன். கடலை அவர் திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்று பார்த்ததோடு சரி. நல்ல மனிதர். அவளை உட்கார வைத்து, நஸ்ரின் பானு என்ற உதவியாளரிடம் சொல்லி டீ வரவழைத்து, பதினெட்டுப் பக்கப் படிவத்தைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

நாலாவது கேள்வி: கடலிலிருந்து உங்கள் ஊர் எத்தனை கிலோமீட்டர்? சங்கரேஸ்வரி யோசித்து, நூறு இருக்கும் என்று எழுதினாள். கம்ப்யூட்டர் அதை வாங்கவில்லை. பத்துக்கு மேல் எதையும் அது வாங்காது. பிரவின்ராஜ் முகம் வாடிப்போனார். பிறகு வேறு வழியாக வந்தார்.

"உங்க குளத்துத் தண்ணி எங்கம்மா போகுது?"

"எங்கன சார் நிக்கி, போறதுக்கு? உடைப்பு வழியா ஓடைக்குப் போயிருது."

"ஓடை?"

"ஆத்துக்கு."

"ஆறு?"

"வைப்பாத்துல சேந்து கடலுக்குப் போகுதுன்னு சொல்லுதாவ. நான் கண்டேனா?"

பிரவின்ராஜ் கலங்கிய கண்ணோடு நஸ்ரின் பானுவைப் பார்த்தார்.  ஆறு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த கடற்கரை இது. தண்ணீர் தடையில்லாமல் கடலைப் போய்ச் சேருகிறது என்றால் அந்த ஊர் கடலோடு தொடர்புடைய ஊர். தொடர்பு இருக்கிறபோது தூரம் கிடையாது என்று விளக்கி, நாலாவது கேள்விக்குப் பூஜ்யம் என்று போட்டார். போர் தண்ணீர் உப்பு என்று அவள் தற்செயலாகச் சொன்னதும் அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கடல் உள்ளே வந்துகொண்டிருப்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம் என்றார்.

அவள் படிவத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உடைப்பை அடைக்கக் கல்லும் மண்ணும். அந்த வரியைப் படித்தபோதுதான் பிரவின்ராஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுதாம்மா கொஞ்சம் சிக்கல். உடைப்பு இருக்கிற வரைக்கும்தான் தண்ணி கடலுக்குப் போகும். அதை அடைச்சிட்டா உங்க ஊரு கடலோரம் இல்லன்னு ஆயிரும். கடலோரம் இல்லாத ஊருக்கு நாங்க எப்படி உடைப்பை அடைக்கப் பணம் கொடுக்க?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது புரிந்தது. புரிந்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வேண்டாம் சார் என்று எழுந்தாள். பிரவின்ராஜ் பதறி, படிவத்தைப் போட்டு வைப்போம், பணம் வந்த பிறகு வழி பிறக்கும் என்றார். வேறு வழி எதுவும் அவளுக்கும் பிறக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

ஆவணியில் பயிற்சி முகாம் நடந்தது. சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள். வராதவர்களின் ஊருக்கு மானியம் இல்லை என்பதால், மஞ்சணத்திக்குளத்திலிருந்து நாற்பது பேர் களை வெட்டை விட்டுவிட்டு மினிபஸ்ஸில் போனார்கள். முதல் நாள் ஆமை முட்டைகளை எப்படி இடம் மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் சுனாமி வந்தால் எப்படி ஓடுவது என்பது பாடம். சங்கு ஊதியதும் கடலுக்கு எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும். சங்கு ஊதியது. கடல் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாததால் நாற்பது பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பயிற்சியாளர் குறிப்பேட்டில், பீதியடையாத மக்கள் என்று எழுதிக்கொண்டார்.

நிறைவு விழாவுக்கு இணை இயக்குநர் ப்ரியதர்ஷினி வந்திருந்தார். கடல்நீல நிறத்தில் பட்டுச்சேலை கட்டியிருந்தார். அவர் பேசியதை நஸ்ரின் பானு வரி விடாமல் குறிப்பெடுத்திருக்கிறாள்.

"என்னுடைய இருபத்திரண்டு வருட சர்வீஸில் எத்தனையோ கடற்கரைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் ஒரே பிரச்சினை. மீனவர்கள் கேள்வி கேட்கிறார்கள். அலை நம் பலகைகளை அடித்துக்கொண்டு போகிறது. ஆமைகள் செத்து ஒதுங்கி நம்முடைய புள்ளிவிவரத்தைக் கெடுக்கின்றன. ஆனால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் கடந்த ஆறு ஆண்டுகளில் ஓர் ஆமைகூட இறக்கவில்லை. எண்ணெய்க் கசிவு இல்லை. ஒரு சதுர அடி கடற்கரைகூட அரிக்கப்படவில்லை. கடலை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்பதற்கு இந்த வட்டாரம் ஒரு முன்மாதிரி."

நாற்பது பேரும் கைதட்டினார்கள். மதியச் சாப்பாடு அதற்குப் பிறகுதான் என்று சொல்லியிருந்தார்கள்.

அடுத்தது ஊர் போட வேண்டிய பாதி. அதைப் பணமாகக் கொடுக்க வழியில்லை, உடம்பால் உழைத்துக் கழித்துவிடுகிறோம் என்று சங்கரேஸ்வரி சொன்னாள். உழைப்பை ஏற்கலாம் என்று விதி இருந்தது. அந்த உழைப்பு கடல்சார் உழைப்பாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. கரையில் மண் சுமப்பது அந்தப் பட்டியலில் இல்லை. படகு பழுதுபார்ப்பது, கருவாடு உலர்த்துவது, வலை பின்னுவது ஆகியவை இருந்தன.

ஊரில் வலை இருந்தது. ஆடுகள் ராத்திரியில் கலைந்து போகாமல் கிடையைச் சுற்றிக் கட்டுகிற வலை. புரட்டாசியில் பன்னிரண்டு நாள், உடைந்த கரைக்குப் பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் முப்பது பெண்கள் உட்கார்ந்து, பிய்யாத கிடை வலைகளைப் பிரித்துத் திரும்பப் பின்னினார்கள். தினமும் சாயங்காலம் பிரவின்ராஜ் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஒருநாள் இசக்கித்தாய் என்ற கிழவி, இந்தப் பன்னிரண்டு நாளும் ஆளுக்கு நாலு கூடை மண் போட்டிருந்தால் பாதி உடைப்பு அடைந்திருக்குமே என்று கேட்டாள். எல்லாருக்கும் அது தெரியும். முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வாய்க்கால் ஓரத்து நாற்றங்காலுக்கு அந்தப் பெண்கள்தான் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குளம் பெருகும் என்று நம்பி, தாலிச் சங்கிலியையும் கம்மலையும் அடகு வைத்து விதை நெல் வாங்கிப் பாவியிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் நம்பினார்கள்.

மானியம் வந்தது. பணமாக வராது, பொருளாக வரும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் லாரியில் அலையாத்திக் கன்றுகள் ஐந்நூறு வந்து இறங்கின. அவை சேற்றிலும் உப்பிலும்தான் வளரும். சேறு இல்லாததால் உப்புத் தண்ணீரையாவது ஊற்றுவோம் என்று போர் தண்ணீரை ஊற்றினார்கள். ஒரு வாரத்தில் ஆடு தின்றதுபோக மீதி காய்ந்தது. இரண்டாவது லாரியில் மிதவைச் சட்டைகள் அறுபது. பிறகு ஒரு பெரிய பலகை: 'எச்சரிக்கை. ஆழமான பகுதி. குளிக்காதீர்.' அதை வெடித்துக் கிடந்த குளத்துக்குள் கம்பு நட்டு நிறுத்தினார்கள்.

அன்று சங்கரேஸ்வரி ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. கிணற்றில் ஒரு குடம் முங்குவதற்குத் தண்ணீர் இல்லை, சின்னப் பிள்ளைகளைக் கயிறு கட்டி இறக்கிச் சிரட்டையால் கோரி எடுக்கிறோம் என்று யாரைப் பார்த்தும் சொல்லாமல் சொன்னாள். நஸ்ரின் பானு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, அனுமதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலை முதலிலிருந்து வாசித்தாள். இருநூற்றுப் பதினேழாவது பொருளில் நிறுத்தினாள்.

"அக்கா, இங்கன பாருங்க. கடல் அரிப்புத் தடுப்புக் கல்."

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் ஒன்பது லாரிக் கல் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு கிடாய் பருமன். ஊரே கரையில் ஏறி நின்று பார்த்தது. பிரவின்ராஜ் வரைபடத்தை விரித்து, உடைப்பிலிருந்து முந்நூறு அடி தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம், மஞ்சள் முளைக்குச்சிகள் அடித்திருந்த இடத்தில் கொட்டச் சொன்னார். அலை வந்து மோதும் கோடு அதுதான் என்று வரைபடத்தில் இருந்தது. சங்கரேஸ்வரி லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், நாலு லாரியவாச்சும் உடைப்புல கொட்டச் சொல்லுங்க. உங்க கால்ல விழுதேன்."

பிரவின்ராஜ் பின்னால் நகர்ந்துகொண்டார். "அப்படிக் கேக்காதீங்கம்மா. உடைப்பு அடைஞ்சா இந்த ஊருக்குக் கடல் இல்ல. கடல் இல்லாத ஊருக்குக் கல் இறக்கினா நான் உள்ள போகணும். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க."

"அப்ப நாங்க?"

"நீங்கல்லாம் பழகினவங்க. தாங்கிக்கிடுவீங்க."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். கல் மஞ்சள் முளைக்குள் கொட்டப்பட்டது. கொட்டியதை மேலிருந்து படமெடுத்தார்கள். வெள்ளிக்கிழமை இணை இயக்குநர் நேரில் பார்க்க வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது. திங்கட்கிழமை காலையில் சங்கரேஸ்வரி யாரையும் கூப்பிடவில்லை. தானே போய் ஒரு கல்லைப் புரட்டினாள். அசையவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள், ஒரு முழம் உருண்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இசக்கித்தாய் கிழவி வந்து மறுபக்கம் கை கொடுத்தாள். மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் அங்கே இருந்தது. கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு அதில் கல்லை ஏற்றி எட்டுப் பேர் தூக்கினார்கள். கிடை வலையில் கட்டி இழுத்தார்கள். மறுநாள் பொன்னுச்சாமி ஆட்டைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். அன்றுதான் சங்கரேஸ்வரியின் இடதுகை விரல்கள் இரண்டு கல்லுக்கு அடியில் நசுங்கின. துணியைச் சுற்றிக்கொண்டு வலதுகையால் மண் அள்ளினாள். போதும் உட்காரு என்று பொன்னுச்சாமி சத்தம் போட்டான். அவள் காதில் வாங்கவில்லை. புதன்கிழமை இருட்டுகிற வேளையில் கடைசிக் கூடை மண்ணைக் கொட்டி மிதித்தார்கள்.

வியாழன் விடியலில் மழை பிடித்தது. வெள்ளி காலை வரை விடவில்லை. ஊர்க்காரர்கள் கரைமேல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கசிகிற இடத்திலெல்லாம் மண்ணை வைத்து மிதித்துக்கொண்டே நின்றார்கள். கரை நின்றது. வெயில் வந்தபோது குளம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீராகக் கிடந்தது. இசக்கித்தாய் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். இனிப்பாக இருக்கிறது என்றாள். பொன்னுச்சாமி கரையில் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

பதினோரு மணிக்கு இணை இயக்குநரின் கார் வந்தது. சங்கரேஸ்வரி மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஜெயிலுக்குப் போவதாக இருந்தால் இருக்கட்டும் என்று நினைத்திருந்தாள். ப்ரியதர்ஷினி கரையேறி, அந்தத் தண்ணீரைப் பார்த்தார். காற்றுக்கு அது சின்னச் சின்னதாக அலையடித்தது. நடுவில் 'ஆழமான பகுதி. குளிக்காதீர்' என்ற பலகை கழுத்தளவில் நின்றது.

"மிஸ்டர் பிரவின்ராஜ், இது என்ன?"

பிரவின்ராஜுக்கு மஞ்சள் முளைக்குள் ஒரு கல்கூட இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.  என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார்.

"கடல், மேடம்."

 ப்ரியதர்ஷினி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஆறு வருஷம் முன்பு கைவிட்டுப்போன கடல் மாவட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. கடல்மட்டம் உயர்வதைத் தன்னுடைய மையம்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறது. இதை நாம் விட்டுவிடக் கூடாது என்று அங்கேயே நின்று பேசினார். சங்கரேஸ்வரி வாயைத் திறந்தாள். பொன்னுச்சாமி அவள் முழங்கையைப் பிடித்தான். குளம் நிறைந்துவிட்டது, கடல் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர்கள் செய்த தப்பு அந்த ஒன்றுதான்.

ஊர் நடவு நட்டது. திருப்பூரிலிருந்து மூன்று குடும்பங்கள் திரும்பி வந்து வீட்டுக்கு வெள்ளையடித்தன. கார்த்திகைக் கடைசியில் அறிவிக்கை வந்தது. மஞ்சணத்திக்குளம் இனி 'உள்நாட்டுக் கரையோரப் பாதுகாப்புப் பகுதி'. கரையிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் உழவு, மேய்ச்சல், நீர் எடுத்தல் எதுவும் கூடாது. கடல்நீர் வயலுக்குள் புகுந்தால் மண் கெட்டுவிடும் என்பதால் மடை மூடப்படுகிறது. மூன்று பேர் வந்து மடைப் பலகையை இறக்கி, சங்கிலி போட்டுப் பூட்டி, அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். ஊரின் வயக்காடு முழுவதும் ஐந்நூறு மீட்டருக்குள்தான் இருந்தது. கிணறும் இருந்தது.

சங்கரேஸ்வரி தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு ஓடினாள். இது குளத்துத் தண்ணி, ஒரு வாய் குடித்துப் பாருங்கள் சார், உப்பு கிடையாது என்றாள். பிரவின்ராஜ் பாட்டிலைத் தொடவில்லை. நாக்கால் பரிசோதிக்க விதியில் இடமில்லை என்றார். அறிவிக்கையை ரத்து செய்ய வேண்டுமானால் அது கடல் இல்லை என்று சான்றிதழ் வேண்டும். அதற்கு மூன்று வருஷம் தொடர்ந்து அலையை அளக்க வேண்டும்.

"மூணு வருஷத்துல பெரிய அலை ஒண்ணும் வரலன்னா நாங்களே எழுதித் தந்துருவோம். கவலப்படாதீங்க."

"பயிரு பத்து நாளுதான் சார் தாங்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தனக்கு இதில் பதவி உயர்வு வந்திருப்பதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது என்று பிறகு நஸ்ரின் பானு சொன்னாள். சங்கரேஸ்வரி படியிறங்கும்போது நஸ்ரின் பானு பின்னாலேயே வந்து, மேலிடத்துக்கு நான் ஒரு பெட்டிஷன் எழுதியிருக்கேன் அக்கா என்றாள். அந்தப் பெட்டிஷனை மேலிடம் விளக்கம் கேட்டு அதே ஆபீசுக்குத்தான் திருப்பி அனுப்பியது.

மார்கழி எட்டாம் தேதி பயிர் கீழ் இலையிலிருந்து மஞ்சளாகத் தொடங்கியது. பதினொன்றாம் தேதி வயல் பாளம் பாளமாக வெடித்தது. கரைக்கு அந்தப் பக்கம் ஆள் முங்குகிற தண்ணீர், இந்தப் பக்கம் தீய்கிற பயிர். பெண்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வெள்ளையடித்த வீடுகளில் ஒன்றைத் திரும்பவும் பூட்டினார்கள். பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சங்கரேஸ்வரி கடப்பாரையை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனாள். வளைந்து சேர்ந்துபோன இரண்டு விரல்களோடு அவளால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. பொன்னுச்சாமி பலகையைத் தூக்கினான். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது.

பிற்பகலில் அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் போனார்கள். உதவி ஆய்வாளர் சங்கரசுப்பு அரசர்குளத்து விவசாயி வீட்டுப் பிள்ளை, சர்வீஸில் பாதி முடித்தவர். மையம் கொடுத்த புகாரை இரண்டு தடவை வாசித்தார். 'மேற்படி நபர், அரசால் பாதுகாக்கப்பட்ட கடலைச் சட்டவிரோதமாகத் திறந்துவிட்டுள்ளார்' என்று அதில் இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உக்காருங்கம்மா. இதுல ரெண்டு வழிதான் இருக்கு. நல்லாக் கேட்டுக்கிடுங்க. அது கடல்தான், தெரியாமத் திறந்துட்டேன்னு எழுதிக் கொடுத்தா, அபராதம் கட்டிட்டு சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாம். அது குளம்னு எழுதினீங்கன்னு வைங்க, கடல்னு பொய் சொல்லி அரசாங்கத்துப் பொருளை வாங்கினதாகும். படிவத்துல உங்க கையெழுத்துதான் இருக்கு. மோசடி. உடனே ரிமாண்டு. கேஸு எத்தன வருஷம் இழுக்கும்னு எனக்கே தெரியாது."

சங்கரேஸ்வரி மேஜையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஆபீசிலும் யாரும் அவளுக்கு இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

"கடல்னு எழுதினா மடைய என்ன செய்வாவ சார்?"

"ராத்திரிக்குள்ள அடைச்சிருவாங்க. அது அவங்க எல்லை."

"குளம்னு எழுதினா?"

 சங்கரசுப்பு ஜன்னல் பக்கம் பார்த்தார். "குளத்து மடைய அடைக்க அந்த ஆபீசுக்கு அதிகாரம் கிடையாது. கடல்னு ஒண்ணு இல்லன்னா அவங்க அங்கன காலே வைக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, யோசிச்சுச் செய்யிம்மா என்றார்.

அவள் யோசித்தாள். கடைசி வயல் வரைக்கும் ஒரு தண்ணீர் பாய மூன்று நாள் ஆகும். கதிர் வாங்கும்வரை இன்னும் ஐந்து தண்ணீர் வேண்டும். பேனாவை வாங்கி, நல்ல கையெழுத்தில், நிறுத்தி எழுதினாள். 'அது குளம். எங்கள் ஊர்க் குளம். கடல் என்று நான் எழுதியது பொய்.' அடியில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு ஒரு போன் பேசிக்கொள்ளலாம் என்று சங்கரசுப்பு தன்னுடைய போனையே எடுத்துக் கொடுத்தார். பொன்னுச்சாமி மறுமுனையில் மூச்சு வாங்கினான். வயலில் நின்றான் போலிருக்கிறது, தண்ணீர் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

"ஏட்டி, என்ன சொல்லுதாவ? நான் வரட்டா?"

"வராதிய. அங்கனயே நில்லுங்க" என்றாள் சங்கரேஸ்வரி. "கடைசி வயலுக்கும் பாயுத வரைக்கும் மடைய மூடிராதிய. எனக்கு வர நாளாகும்."